சாத்தனும் சாத்தானும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் நாசரேத் என்றொரு நிலையம் வரும். இறங்கி ஊருக்குள் வந்தால் சாத்தான்குளம் போகப் பஸ் கிடைக்கும். நாசரேத்தில் ஏறிச் சாத்தான்குளத்தில் இறங்குவது எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சந்தைக்குப் போய் வருவதுபோல. வெளியூர்க்காரருக்கு அப்படி இல்லை. ஒருமுறை என்னோடு வந்த சென்னை நண்பர் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுக் கண்டக்டரிடமே கேட்டார்: "அண்ணே, இயேசு சாமி ஊர்ல இருந்து எதிர்க்கட்சி ஊருக்கு டிக்கெட் எவ்வளவு?" கண்டக்டர் சிரிக்கவில்லை. "சில்லறையா எடுங்க சார்" என்றார்.

அவர் அந்தப் பகடியை எத்தனை முறை கேட்டிருப்பாரோ. செம்மண் தேரியும் பனையும் கருப்பட்டியுமாக இருக்கும் அந்த வட்டாரத்தில் சாத்தான்குளம் என்ற பெயரைப் பேயின் பெயராக யாரும் கேட்பதில்லை. ஊரில் வேதக்கோயில் உண்டு, அம்மன் கோயில் உண்டு, பள்ளிவாசல் உண்டு. ஞாயிறு காலையில் சபைக்குப் போகிறவர் தாம் குடியிருக்கும் ஊரின் பெயரால் சங்கடப்பட்டு நான் பார்த்ததில்லை. சங்கடப்பட வேண்டியதும் இல்லை. ஏனென்றால் ஊர்ப் பெயரில் இருக்கும் சாத்தான் வேறு, வேதத்தில் இருக்கும் சாத்தான் வேறு. ஒன்று நம் வீட்டுப் பெயர். மற்றது பாலஸ்தீனத்திலிருந்து கடல் கடந்து வந்த பெயர். இரண்டும் ஒரே எழுத்துகளில் வந்து மோதிக்கொண்டது வெறும் தற்செயல்தான். ஆனால் மோதலுக்குப் பின் நடந்தவை எல்லாம் தற்செயல் இல்லை.

முதலில் நம் வீட்டுச் சாத்தனைப் பார்ப்போம். மணிமேகலை தந்தவர் சீத்தலைச் சாத்தனார். அவர் மதுரையில் கூலம், அதாவது தானியம் விற்றவர் என்பதை அவர் பெயருக்கு முன்னால் வரும் அடையே சொல்லிவிடும். சங்கப் புலவர் பட்டியலைப் புரட்டினால் சாத்தனார்கள் வரிசை கட்டுவார்கள்: பெருந்தலைச் சாத்தனார், ஆலம்பேரி சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார். அதே ஒக்கூரில் மாசாத்தியார் என்று ஒரு பெண்பாற் புலவர். கோவலனின் தந்தை மாசாத்துவான். இலக்கண உரைகாரர்களுக்கோ எடுத்துக்காட்டு என்று வந்துவிட்டால் சாத்தனும் கொற்றனும்தான். இன்றைய பாடப்புத்தகத்தில் ராமனும் கண்ணனும் பந்து விளையாடுவதுபோல அன்று சாத்தன் வருவான், சாத்தன் உண்பான், சாத்தன் தன் தாயோடு போவான். தெருவுக்கு இரண்டு பேர் இருந்தாலொழிய ஒரு பெயர் இலக்கணப் புத்தகத்துக்குள் நுழையாது.

இந்தப் பெயரின் பிறப்புக்கு இரண்டு வழி சொல்வார்கள். சாத்து என்றால் வண்டியும் பொதிமாடுமாகக் கூட்டமாய்ப் போகும் வணிகர் குழு. வடமொழியின் 'சார்த்த' என்ற சொல்லோடு உறவுடையது. சாத்தில் போகிறவன் சாத்தன். மாசாத்துவானும் கூலவாணிகரும் இந்தப் பக்கம் சாட்சி சொல்வார்கள். மற்ற வழி சாஸ்தா. நம் வாயில் அது சாத்தா, ஐயனாரின் பெயர். இன்றும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று குடும்பம் குடும்பமாக வேன் பிடித்துத் தங்கள் சாத்தா கோயிலைத் தேடிப் போவார்கள். வழித்துணைக்கு வணிகர்கள் கும்பிட்ட தெய்வமே சாத்தன் என்றால் இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடும். எனக்கு அந்தப் பக்கம்தான் சாய்வு. திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை. இங்கே சாத்தான்குளம். குறில் நெடிலாவது நாட்டு வழக்கில் புதிதில்லை. கேரளத்துச் சாத்தன் நம்மிடம் வந்து குட்டிச்சாத்தான் ஆனபோதும் அதே நெடில்தான் ஏறியது. 1984இல் வெளிவந்து, இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் என்று பெயர் வாங்கிய 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்த பிறகு, வீட்டில் அடங்காத பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்துவிட்டோம்.

இனி கடல் கடந்து வந்த பெயர்.

எபிரேயத்தில் அது ஏறக்குறைய இதே ஒலிதான். பொருள்: எதிர்த்து நிற்பவன், குற்றஞ்சாட்டுபவன். ஆளின் பெயராக அது பிறக்கவில்லை. செய்யும் வேலையின் பெயராகப் பிறந்தது. எண்ணாகமத்தில் பிலேயாம் கழுதையேறிப் போகும்போது வழியை மறித்து நிற்கிறவரைச் சொல்ல மூலநூல் பயன்படுத்தும் சொல் இதுதான். மறித்து நின்றவர் யார்? கடவுளின் தூதர். பெலிஸ்தரின் தளபதிகள் தாவீதைத் தங்களோடு போருக்குக் கூட்டிப்போகப் பயப்படுகிறார்கள், நடுக்களத்தில் இவன் நமக்குச் சாத்தானாகிவிடுவானோ என்று. சாலொமோனுக்கு எதிராகக் கிளம்பிய ஏதோமியனான ஆதாத் ஒரு சாத்தான். ஈசாக்கின் வேலைக்காரர் தோண்டிய கிணற்றுக்கு உள்ளூர் மேய்ப்பர்கள் சண்டைக்கு வந்தபோது அவர் அந்தக் கிணற்றுக்கு வைத்த சித்னா என்ற பெயரும் இதே வேரில் முளைத்ததுதான்.

1871இல் வெளிவந்து இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கும் தமிழ் வேதாகமத்தில் இந்த இடங்களைத் தேடினால் சாத்தான் கிடைக்கமாட்டான். பிலேயாமின் வழியில் எதிராளி, தளபதிகளின் பேச்சில் சத்துரு, ஆதாதுக்கு விரோதி. மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல முடியாது. கடவுளின் தூதர் சாத்தானாக நின்றார் என்று எழுத யாருக்குத்தான் கை வரும்? ஆனால் ஒரே சொல் நான்காகப் பிரிந்ததில் ஒன்று தொலைந்தது. சாத்தான் என்பது யாரும் வந்து உட்காரக்கூடிய நாற்காலி என்ற செய்தி தமிழ் வாசகருக்கு வந்து சேரவே இல்லை.

யோபு நூலில் இந்த இழப்பு இன்னும் பெரிது. எபிரேயத்தில் 'ஹ' என்பது குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் முன்னொட்டு. வேலையின் பெயருக்கு முன் சேர்ந்தால் இன்ன பதவியில் இருக்கிறவர் என்று சுட்டும். ஆளின் பெயருக்கு முன்னால் அது வராது. யோபு நூலில் சாத்தான் பதினான்கு முறை வருகிறான். பதினான்கு முறையும் 'ஹ'வோடுதான் வருகிறான். நாம் தாசில்தார் வந்தார், வி.ஏ.ஓ. வந்தார் என்கிறோமே, அதுபோல. தமிழில் அந்த 'ஹ'வுக்கு இணை கிடையாது. ஆகவே பதவி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றது. நம் ஊர்களில் கணக்குப்பிள்ளை வீடு, மணியக்காரர் வீடு என்று இன்னும் சொல்கிறோம். கணக்கும் போய்விட்டது, மணியமும் போய்விட்டது. பெயர் மட்டும் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாத்தானுக்கு நேர்ந்ததும் அதுவே.

அந்த நூலின் தொடக்கத்தில் பரலோகத்தில் ஒரு தர்பார் கூடுகிறது. தேவபுத்திரர் வந்து நிற்கிறார்கள். அவர்களோடு குற்றஞ்சாட்டுபவனும் வருகிறான். பூமியெங்கும் சுற்றிவந்து தகவல் சொல்வது அவன் வேலை. பாரசீக அரசர்கள் மாகாணங்களை வேவு பார்க்க 'அரசரின் கண்' என்ற பெயரில் வைத்திருந்த அதிகாரிகளை இதோடு ஒப்பிட்டுப் பேசும் அறிஞர்கள் உண்டு. கடவுள் யோபைப் புகழ்கிறார். அதற்கு அவன் போடும் குறுக்குக் கேள்வி இதுதான்: யோபு சும்மாவா பக்தியாக இருக்கிறான்? வேலி அடைத்து, ஆடு மாடு கொடுத்து, பிள்ளை குட்டி கொடுத்து வைத்திருக்கிறீர். எடுத்துவிட்டுப் பாரும்.

இது அற்பமான கேள்வி என்று தள்ள முடியவில்லை. ஜெபிக்கிற எவரும் ஒருநாள் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. கிடைப்பதற்காகக் கும்பிடுகிறேனா, கிடைக்காவிட்டாலும் கும்பிடுவேனா? கொடுமை என்னவென்றால், அவன் அந்தக் கேள்வியைக் கேட்டது யோபின் பத்துப் பிள்ளைகளின் உயிரை வைத்து.

பிள்ளைகள் போனார்கள், உடைமை போனது, உடம்பெல்லாம் பருக்கள் வந்தன. மூன்று நண்பர்கள் வந்தார்கள்: எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த நூலில் அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பிறகு வாயைத் திறந்தார்கள். நீ ஏதோ செய்திருக்கிறாய், அல்லது உன் பிள்ளைகள் ஏதோ செய்திருக்கிறார்கள், ஒத்துக்கொள் என்று சுற்று மாற்றிச் சுற்று பேசினார்கள். இந்த இடத்தில் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாத்தான் என்ற சொல் வரும் பதினான்கு இடங்களும் முதல் இரண்டு அதிகாரங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. மீதி நாற்பது அதிகாரங்களில் அவன் தலைகாட்டவே இல்லை. கதையை எழுதியவர் அவனை மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. குற்றஞ்சாட்டும் வேலைக்கு மூன்று பேர் சேர்ந்தாகிவிட்டது. பழைய ஆள் எதற்கு?

எங்கள் குடும்பத்தில் ஒரு சாவு. சித்தப்பா மகன், பத்தொன்பது வயது, பைக் விபத்து. மூன்றாம் நாள் ஒரு ஜெபக் குழுவிலிருந்து ஒருவர் வந்தார். பைபிளும் கைக்குட்டையுமாகக் கூடத்தில் நின்று, "வீட்டுக்குள்ள மறைவான பாவம் ஏதோ இருக்கும்மா, சாத்தானுக்கு வாசல் திறந்து விட்டுருக்கீங்க, அறிக்கை பண்ணுங்க" என்று சித்தியிடம் சொன்னார். சித்தி அழுகையை நிறுத்திவிட்டு, இருபது வருடத்துக் கணக்கை மனதுக்குள் புரட்ட ஆரம்பித்தது முகத்திலேயே தெரிந்தது. திண்ணையில் எங்கள் பழைய உபதேசியார் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதுக்கு மேல். முதல் நாளிலிருந்து வந்து உட்கார்ந்து கொண்டிருந்தாரே தவிர, ஜெபம் செய்யச் சொன்னால் மட்டும் இரண்டு நிமிஷம் செய்வார். அவர் மெதுவாக எழுந்து உள்ளே வந்து, "தம்பி, நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க" என்று அந்த ஆளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்விட்டார். வாசல் திறந்துவிட்டது யார் என்ற கேள்விக்கு அன்று எனக்கு விடை கிடைத்தது. சாத்தான் பெயரைச் சொல்லிக்கொண்டே சாத்தானின் வேலையை ஒருவர் பார்க்க முடியும்.

சொல்லின் பயணத்துக்கு வருகிறேன். சகரியா தீர்க்கதரிசியின் நூலில் அதே நீதிமன்றக் காட்சி. யோசுவா என்ற பிரதான ஆசாரியர் அழுக்கு உடையோடு நிற்கிறார். வலப்பக்கத்தில் சாத்தான், குற்றஞ்சாட்டுவதற்கு. கடவுள் வழக்கை விசாரிக்கவே இல்லை. சாத்தானை அதட்டிவிட்டு, அழுக்கு உடையைக் களைந்து நல்ல உடை கொடுக்கச் சொல்கிறார். பிறகு தாவீதின் குடிமதிப்பு. சாமுவேல் நூல், மக்களைக் கணக்கெடுக்கும்படி தாவீதை ஏவியது கர்த்தரின் கோபம் என்கிறது. பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் எழுதப்பட்ட நாளாகமம் அதே சம்பவத்தைச் சொல்லும்போது, ஏவியது சாத்தான் என்கிறது. இங்கே 'ஹ' இல்லை. வேலையின் பெயர் ஆளின் பெயராக மாறுவது கண்ணெதிரே நடக்கிறது. எருசலேம் எரிந்ததையும் பிள்ளைகள் பட்டினி கிடந்ததையும் பார்த்த ஒரு சமூகம் இதையெல்லாம் கடவுளின் கணக்கில் எழுதக் கூசியிருக்கும். தீமைக்கு வேறொரு கையெழுத்து தேவைப்பட்டது.

அலெக்சாந்திரியாவில் யூதர்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது இந்தச் சொல்லுக்கு 'தியாபொலோஸ்' என்று வைத்தார்கள். அவதூறு பேசுபவன் என்று பொருள். ஐரோப்பிய மொழிகளில் பிசாசுக்கு வழங்கும் பெயர்கள் பலவும் அதன் பேரப்பிள்ளைகள். புதிய ஏற்பாட்டில் அரமேய வழியாக வந்த சாத்தானும் தியாபொலோசும் கிட்டத்தட்டச் சரிசமமாக வருவார்கள். அரபியில் போன கிளை ஷைத்தான். உருது வழியாக நம் பேச்சுக்குள் சைத்தானாக வந்து, 2016இல் ஒரு தமிழ்ப் படத்துக்குத் தலைப்பும் ஆயிற்று. லூசிபர் கதை தனி. ஏசாயா நூலில் ஒரு பாபிலோன் அரசனை விடிவெள்ளி என்று கேலி செய்த இடத்துக்கு லத்தீன் மொழிபெயர்ப்பு வைத்த சொல் அது. நான்காம் நூற்றாண்டில் லூசிபர் என்ற பெயரிலேயே ஓர் ஆயர் இருந்தார், யாருக்கும் உறுத்தவில்லை. நம் வேதாகமம் விடிவெள்ளி என்றே எழுதிவிட்டதால் தமிழ்ச் சபைகளில் அந்தப் பெயர் பின்வாசல் வழியாகத்தான் வந்தது. ஏதேன் தோட்டத்துப் பாம்பையும் ஆதியாகமம் சாத்தான் என்று எங்கும் சொல்லவில்லை. பாம்பு, பிசாசு, சாத்தான், வலுசர்ப்பம் எல்லாவற்றையும் ஒரே ஆளாகக் கட்டியது கடைசி நூலான வெளிப்படுத்தல். அதிலும் அவனுக்குக் கொடுத்த விளக்கம், இரவும் பகலும் சகோதரர்கள்மேல் குற்றஞ்சாட்டிக்கொண்டிருப்பவன் என்பதுதான். பழைய உத்தியோகத்தை அந்த நூலாசிரியர் மறக்கவில்லை.

தமிழில் மறந்துபோனது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் தொடங்கி, 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடு, அதற்குப் பின் வந்த திருத்தங்கள் என்று நம் கிறிஸ்தவத் தமிழ் ஐந்நூறு ஆண்டை நெருங்குகிறது. தியாபொலோசுக்குக் கத்தோலிக்கர் பசாசு என்றார்கள். புராட்டஸ்டண்டுகள் பிசாசு என்றார்கள். இரு தரப்பும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் அலகை என்றது. அலகை நல்ல பழந்தமிழ்ச் சொல். உலகத்தார் உண்டென்பதை இல்லை என்று சாதிப்பவனைக் குறிக்கத் திருவள்ளுவர் 850ஆம் குறளில் அதைத்தான் எடுத்தார். ஆனால் பிசாசோ அலகையோ குற்றஞ்சாட்டாது. இரத்தம் குடிக்கும், ஆளைப் பிடிக்கும், உச்சி வேளையில் பயமுறுத்தும். நீதிமன்றத்தில் வலப்பக்கம் நின்றவன் தமிழுக்கு வந்ததும் புளியமரத்தில் ஏறிக்கொண்டான்.

அவன் இடம் மாறியதும் ஜெபமும் இடம் மாறியது. எதிரே குற்றஞ்சாட்டுபவன் நின்றால் நமக்கு வேண்டியவர் வக்கீல். யோவான் நூலில் பரிசுத்த ஆவியானவருக்கு வரும் கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுதான்: பக்கத்தில் நின்று நமக்காகப் பேசக் கூப்பிடப்பட்டவர். பழைய மொழிபெயர்ப்பு அதைத் தேற்றரவாளன் என்றது, புதியது துணையாளர் என்றது. யோவானின் முதல் கடிதத்தில் அதே சொல் இயேசுவுக்கு வரும்போதுதான் பரிந்து பேசுகிறவர் என்ற அருமையான தமிழ் விழுந்தது. அந்த ஒரு தொடரில் மட்டும் பழைய நீதிமன்றம் உயிரோடு இருக்கிறது. எதிரே இருப்பது பேய் என்றால் வக்கீல் வேண்டாம், பூசாரி போதும். கூட்டங்களில் மைக் பிடித்துக் கட்டி, கடிந்து, துரத்தும் ஜெபங்களைக் கேட்கும்போது எனக்கு ஊர்க் கோடாங்கிதான் ஞாபகத்துக்கு வருவார். கோடாங்கியை இழிவுபடுத்தச் சொல்லவில்லை. அவராவது பேயை மட்டும் திட்டுவார், வீட்டுக்காரியைத் திட்டமாட்டார்.

நாள்தோறும் கோடிப்பேர் சொல்லும் கர்த்தருடைய ஜெபத்தின் கடைசி விண்ணப்பத்திலும் இந்தப் பெயர்ச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. எங்களை எதிலிருந்து விடுவிக்க வேண்டும்? மத்தேயுவின் கிரேக்கச் சொல் அஃறிணையாகவும் இருக்கலாம், உயர்திணையாகவும் இருக்கலாம். வேற்றுமை உருபு ஏறிய நிலையில் இரண்டுக்கும் ஒரே வடிவம். 1871இன் மொழிபெயர்ப்பு தீமை என்றது. 1995 தீயோன் என்றது. பெரியவர் ஒருவர் என்னிடம், "தீயோன்னு சொன்னா ஒருத்தனோட முடிஞ்சு போச்சு, தீமைன்னு சொன்னா நான் செய்யறதும் அதுல வந்துருதுல்லா" என்றார். கிரேக்கம் படிக்காதவர். எனக்கு அவர் கட்சிதான்.

அதற்கு முந்திய விண்ணப்பத்தில் வரும் சோதனை என்ற சொல்லும் இப்படித்தான். பரீட்சையும் அதுதான், பாவத்துக்கு இழுப்பதும் அதுதான். வருமானவரிக்காரர் வீடு புகுந்தாலும் சோதனை, இரத்தம் எடுத்தாலும் சோதனை. கிரேக்க மூலத்திலும் சோதிப்பதும் இழுப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கும். கடவுளா சோதனைக்குள் கொண்டுபோகிறார் என்ற சங்கடம் பெரிதாகி, பிரெஞ்சுக் கத்தோலிக்கர் 2017இலும் இத்தாலியர் 2020இலும் தங்கள் ஜெபத்தின் வாசகத்தையே மாற்றினார்கள். நாளாகமம் எழுதியவருக்கு வந்த அதே கூச்சம், இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்து.

சாத்தான் வேதம் ஓதுகிறது என்ற பழமொழியையும் இங்கே பார்த்துவிடலாம். வேதம் என்றதும் ரிக், யஜுர் என்று நினைத்துக்கொள்கிறவர் பலர். தென்மாவட்டங்களில் வேதம் என்றால் பைபிள். வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தபோது பிசாசு 91ஆம் சங்கீதத்தை எடுத்து ஓதியது. பழமொழி அங்கிருந்து வந்தது. அந்தச் சங்கீதம் பாதுகாப்புக்காகச் சொல்லப்படுவது என்பது கூடுதல் சுவை. கூரையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்பதற்கு அது மேற்கோள் ஆயிற்று. அதே இயேசு பின்னால் தம் முதன்மைச் சீடர் பேதுருவையே சாத்தான் என்று அதட்டினார். பேதுருவுக்குப் பேய் பிடிக்கவில்லை. பாடு உமக்கு வேண்டாம் என்று வழியை மறித்து நின்றார், அவ்வளவுதான். பிலேயாமின் வழியில் நின்ற தூதரைச் சொன்ன அதே பழைய பொருளில் அந்தச் சொல் விழுந்தது. ஒருவர் காலையில் அப்போஸ்தலராகவும் மாலையில் சாத்தானாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்போது மோதலுக்கு வருவோம். 1841 முதல் இடையன்குடியில் ஊழியம் செய்தவர் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் தமிழுக்குப் பெருங்கடன் வைத்துவிட்டுப் போனவர். அவரே 1849இல் திருநெல்வேலி மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலில் ஊர்த் தெய்வ வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றார். அந்த நூல் பின்னால் பெரும் மனக்கசப்பை உண்டாக்கியது. அவர் மட்டுமில்லை, அந்தக் காலத்து மிஷனரி எழுத்து பலவற்றிலும் இதே குரல்தான். சாத்தாவைக் கும்பிட்டவர் பிள்ளைகள் சபைக்கு வந்து உட்கார்ந்தபோது, பிரசங்கத்தில் கேட்ட சாத்தானும் தாத்தா கும்பிட்ட சாத்தாவும் ஒரே ஓசையில் இருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்? வழித்துணைத் தெய்வம் ஒரே தலைமுறையில் நரகத்தின் தலைவன் ஆகிவிட்டது. சீத்தலைச் சாத்தனாரின் பெயரை இன்று எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் வைக்கமாட்டார்கள், இந்துக்களும்கூட. நான் சபையில் வளர்ந்தவன், அதனால் எனக்குச் சொல்லும் உரிமை உண்டு: பக்கத்து வீட்டுக்காரர் தெய்வத்துக்குச் சாத்தான் என்று பெயரிடுவது, அந்த எபிரேயச் சொல்லின் நேர்ப்பொருளில், சாத்தானின் வேலை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். அதே வட்டாரத்தில், இன்று சாத்தான்குளம் வட்டத்திலுள்ள முதலூர், 1799இல் உண்டான ஊர். கிறிஸ்தவர்களானதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்கள் வந்து குடியேறப் புகலிடமாகச் சுந்தரானந்தம் தாவீதின் முயற்சியில் எழுந்தது. முதல் ஊர், ஆகவே முதலூர். துன்பத்தில் ஓடிவந்தவர்கள் தங்கள் ஊருக்கு எதிரியின் பெயரையோ பழியின் பெயரையோ வைக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். சித்னா கிணற்றில் சண்டை வந்ததும் ஈசாக்கு அதை விட்டு விலகி வேறொரு கிணறு வெட்டி, ரெகொபோத் என்று பெயர் வைத்தார். விசாலம் என்று அர்த்தம்.

2020 ஜூனில் சாத்தான்குளம் என்ற பெயர் நாடு முழுவதும் கேட்டது. ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு தந்தையும் மகனும் சித்திரவதைக்கு ஆளாகி, சிறைக்கு அனுப்பப்பட்ட பின் அடுத்தடுத்து இறந்தார்கள். சபைக்குப் போகும் குடும்பம். அந்த வாரம் பலர் ஊர்ப் பெயரை வைத்துச் சிலேடை செய்தார்கள். சாத்தான்களின் குளம் என்றார்கள். கோபம் நியாயம், சிலேடை தவறு. சாத்தான் என்று சொல்லிவிட்டால் அங்கே நடந்தது வானத்துச் சக்தியின் வேலை ஆகிவிடும். சீருடை போட்ட மனிதர்கள் செய்த காரியம் அது. இரவு முழுவதும் அடித்தார்கள் என்று அந்த நிலையத்திலேயே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர் நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலம் கொடுத்தார். பரிந்து பேசுகிறவர் என்ற தொடரின் பொருளை அதற்கு முன் நான் அவ்வளவு துல்லியமாக உணர்ந்ததில்லை. பைபிளில் யோபு குமுறலின் உச்சத்தில் கேட்டதும் ஒரு சாட்சியைத்தான். என் சாட்சி பரலோகத்தில் இருக்கிறது என்று நம்பினான். பூலோகத்தில் மூன்று நண்பர்கள் இருந்தும் ஒரு சாட்சி கிடைக்கவில்லை அவனுக்கு.

நூலின் கடைசி அதிகாரத்தில் கடவுள் அந்த மூவர் மேலும் கோபப்படுகிறார். என்னைப்பற்றி யோபு பேசியதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். குமுறியவன் சரி, கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் தவறு. பிறகு, யோபு அவர்களுக்காக ஜெபம் செய்வான், அதை ஏற்றுக்கொள்வேன் என்கிறார். யோபு செய்கிறான். அவன் வாழ்வு திரும்புவது அந்த ஜெபத்துக்குப் பிறகுதான். தன் பருக்களுக்காகச் செய்த ஜெபத்துக்குப் பிறகு என்று அங்கே எழுதியிருக்கவில்லை. இதைச் சித்தியிடம் சொல்லலாமா என்று உபதேசியாரைக் கேட்டேன். "இப்ப வேண்டாம்ல. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். ஆறு மாதம் கழித்து அவரே சொன்னார் போலிருக்கிறது.

நாசரேத்தில் சாத்தான்குளம் பஸ் ஏறும்போது பலகையைப் பார்த்து யாராவது சிரித்தால், அது சாத்தன் பெயரிலுள்ள குளம், மணிமேகலை பாடியவருக்கும் அதே பெயர்தான் என்று சொல்லிவையுங்கள்.